தங்கச்சி போட்ட லென்ஸ்

ஞாயிறு, மதியம்

அன்புள்ள முட்டைக்கண்ணிக்கு,

உன் அக்கா சோடாபுட்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் உன் மகளான எங்கள் வக்கீலம்மாவும் நலமா என்று கேட்க வேண்டியதே இல்லை. உன் கடிதத்தில் நலம் மூன்று பக்கத்துக்கு வழிகிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உன் அத்தான் கேட்கிறார். நீதானே முதலில் எழுதினாய். தவிர, போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் கடைசி வரிவரை நான் மட்டுமே பேசலாம். இந்த வசதி ஐம்பத்து நாலு வயதில்தான் எனக்குப் புரிந்திருக்கிறது.

உன் கடிதம் வந்த கதையைக் கேள். உறையைப் பிரித்தேன். தாள் இருந்தது, எழுத்தைக் காணோம். எறும்பு மையை மிதித்துவிட்டு நடைபழகினது போல ஏதோ தெரிந்தது. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை வந்து ஒரு வருஷமாகிறது என்று உனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவ்வளவு பொடியாக எழுதியிருக்கிறாய். கண்ணாடி இல்லாமல் எழுதினதை எனக்குக் காட்ட வேண்டாமா! வேறு வழியில்லாமல் உன் அத்தானிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அந்த மனுஷன் வரிக்கு வரி நிறுத்தி, வாயைப் பிளந்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனார். புரையை எடுத்துப் புது லென்ஸ் வைத்த பிறகு, மருந்துப் பெட்டியின் மேல் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கிறாயாம். எதிர் மாடியில் காயும் துணியில் எத்தனை கிளிப் என்று எண்ணுகிறாயாம். அலுவலகத்தில் கம்ப்யூட்டரும் பளிச்சென்று தெரிகிறதாம். அதோடு விட்டிருக்கலாம். ஊசியில் நூல் கோத்தாயாம், அதுவும் ஒரே தடவையில்.

"உன் தங்கச்சியப் பாரேன், கண்ணாடியே இல்லாம ஊசி கோக்குறாளாம்!" என்று உன் அத்தான் சொன்னபோது என் கையில் பெரிய கத்தரிக்கோல் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

உனக்கு எதற்கடி ஊசியும் நூலும்? பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்க்கிறவள் நீ. அறுந்த பொத்தானைத் தைக்கச் சொல்லி எனக்குச் சட்டையைப் பார்சலில் அனுப்பினவள் நீ. நான் கோர்ட்டு வாசலுக்கு எதிரே கடை போட்டு இருபத்தெட்டு வருஷமாக வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைக்கிறேன். என் தையலில் நின்று வாதாடியவர்களில் பாதிப்பேர் ஜெயித்திருக்கிறார்கள். மீதிப்பேர் தோற்றதற்குக் கோட்டு காரணமில்லை. அப்பேர்ப்பட்ட நான் இன்றைக்கு ஊசி கோக்க, இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிற மனுஷனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவரும் கோத்துக் கொடுத்துவிட்டு, ஏதோ பதக்கம் வாங்கினவர் போலப் போய் மறுபடி பெட்டியைப் பிடிக்கிறார்.

அப்பா உன்னைக் 'கண்ணழகி' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு ஆறு வயதிலேயே தூரப்பார்வைக் கண்ணாடி. புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் என்னை மட்டும் கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றினால் கேமரா எந்தப் பக்கம் என்றே தெரியாது. நம் வீட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் நீ கேமராவைப் பார்ப்பாய், நான் கதவைப் பார்ப்பேன். 'முட்டைக்கண்ணி' என்று உனக்குப் பெயர் வைத்ததே நான்தான். பொறாமையில் வைத்தேன். பெயரும் மாறவில்லை, பொறாமையும் மாறவில்லை.

ஆகவே ஒரு உபகாரம் செய். ஆஸ்பத்திரியில் உனக்கு ஒரு அட்டை கொடுத்திருப்பார்கள், உள்ளே வைத்த லென்ஸின் பெயரும் எண்ணும் ஒட்டியது. அதைப் படமெடுத்து அத்தான் போனுக்கு அனுப்பு. எனக்கும் அதே லென்ஸ்தான், அதே பெயர். ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே லென்ஸ் போட்டுக்கொள்வோம்.

இன்னொன்று. வக்கீலம்மா வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளும் நாளைக்கு உடுத்த வேண்டிய கோட்டை அவள் பெரியம்மாதான் தைப்பாள். வேறு எவனிடமாவது துணியைக் கொடுத்தீர்கள் என்றால் உறவு அறுந்தது. அளவை டேப் வைத்து எடுத்து அனுப்பச் சொல். சிநேகிதியின் கோட்டை அனுப்பி 'இதே மாதிரி' என்று எழுதினால் உதைப்பேன். ஒருத்திக்கு இடது தோள் இறங்கியிருக்கும், ஒருத்திக்கு வலது. அடுத்தவள் அளவு இவளுக்கு எப்படி உட்காரும்? இது புரியாத ஜனங்களோடுதான் என் காலம் கழிகிறது.

வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் சந்தோஷத்தில் பங்கெடுத்து வயிறெரியும்
அக்கா


புதன், மாலை

அன்புள்ள தங்கைக்கு,

அக்காவின் ஆசிகள். அட்டையின் படம் கிடைத்தது, பெரிதாக அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வக்கீலம்மாவின் அளவும் வந்தது. இடுப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது, சட்டப் புத்தகத்தோடு பிஸ்கட்டும் படித்திருப்பாள் போல. திட்டாதே, நான் தளர்வாக வைத்து வெட்டுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். காலை எட்டு மணிக்கு உட்கார வைத்தார்கள். ஒரு பெண் என் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, வட்டம் வட்டமாக எரியும் விளக்கைப் பார்க்கச் சொன்னாள். "சிமிட்டாதீங்கம்மா, சிமிட்டாதீங்க" என்று அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சிமிட்டல்தான் வந்தது. கண்ணின் நீளம், முன்பக்க வளைவு, நடுவில் இருக்கும் கண்மணி வெளிச்சத்தில் எவ்வளவு, மங்கலில் எவ்வளவு, கண்ணீர் எத்தனை நொடியில் காய்கிறது என்று எல்லாவற்றையும் அளந்தார்கள். நான் ஒரு கோட்டுக்குப் பதினாறு அளவு எடுப்பேன். இவர்கள் ஒரு கண்ணுக்கு அதைவிட அதிகம் எடுத்தார்கள். தொழில்காரி என்ற முறையில் எனக்கு மரியாதை வந்துவிட்டது. டாக்டர் வாயைத் திறக்கும்வரை அந்த மரியாதை இருந்தது.

டாக்டர் சின்னப் பெண். தலைமுடியைக் கிளிப்பில் தூக்கிச் செருகியிருந்தாள். எடுத்த எடுப்பில், "அம்மா, உங்களுது ரொம்பக் குட்டையான கண்ணு" என்றாள்.

கேட்டாயா? இதுவரை உயரத்தில் மட்டும்தான் குட்டை என்று நினைத்திருந்தேன்.

முன்னாலிருந்து பின்னால்வரை என் கண்ணுக்கு நீளம் குறைவாம். அதனால்தான் சின்ன வயதிலிருந்தே அந்தப் புட்டிக் கண்ணாடியாம். கண்ணாடியே வேண்டாத உன் மாதிரி லென்ஸ் வேண்டும் என்றேன், ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினாள். "இந்த மல்டிஃபோகல் லென்ஸுல வட்டத்துக்குள்ள வட்டமா வரி இருக்கும்மா. உள்ள வர்ற வெளிச்சத்தப் பங்கு போட்டு, கொஞ்சம் தூரத்துக்கு, கொஞ்சம் பக்கத்துக்குன்னு குடுக்கும். நம்ம பார்வை அந்த வட்டத்தோட நடுவுல போகணும். எல்லாருக்குமே பார்வை கண்மணி நடுவுலேர்ந்து கொஞ்சம் மூக்குப் பக்கமா ஒதுங்கித்தான் போகும். உங்களுக்கு நிறையவே ஒதுங்கிப் போகுது. வரி மேல பார்வை விழுந்தா விளக்கச் சுத்தி வளையம் தெரியும், எழுத்துல நிழல் அடிக்கும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் எரிச்சல். பொத்தான் ஓரிடம், காஜா ஓரிடம். பொத்தானும் நல்ல பொத்தான், காஜாவும் நல்ல காஜா, ஆனால் போட்டால் சட்டை இழுத்துக்கொண்டு நிற்கும்.

அதோடு என் தொழிலையும் பிடித்துக்கொண்டாள். வெளிச்சத்தைப் பங்கு போடுகிற லென்ஸ் ஆகையால், நிறத்துக்கு நிறம் இருக்கும் சின்ன வித்தியாசம் கொஞ்சம் மங்குமாம். "கறுப்புத் துணியில கறுப்பு நூல் போடுறவங்க நீங்க. உங்களுக்கு அதுதானே சோறு?" என்று கேட்டாள். ஆகவே ஒரே தூரத்துக்கான சாதா லென்ஸாம். கைவேலை செய்யும் தூரத்துக்குத் தோதாக வைப்பாளாம். தூரத்தைப் பார்க்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளணுமாம்.

கண்ணாடி! நாற்பத்தெட்டு வருஷம் மூக்கில் சுமந்தாயிற்று. இனியும் சுமந்துகொண்டு கட்டையில் போக வேண்டுமாம். நீயோ அங்கே வெறுங்கண்ணோடு கிளிப் எண்ணிக்கொண்டிருப்பாய்.

பையிலிருந்து உன் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். "டாக்டரம்மா, இது என் கூடப்பொறந்தவ போட்டது. ரெண்டு பேரும் ஒரே வயிறு. எனக்கும் இதே மாதிரி போடுங்க" என்றேன். அவள் அட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இதுல லென்ஸ் பேரு இருக்கும்மா. உங்க தங்கச்சி கண்ணு இதுல இல்லையே" என்றாள்.

வெளியே வந்ததும் உன் அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடைக்கு வர்றவங்க அடுத்தவன் கோட்டக் கொண்டாந்து இதே மாதிரின்னா என்ன திட்டு திட்டுவ! இன்னிக்கு நீயே தங்கச்சி கோட்டத் தூக்கிட்டு வந்துட்டியே!" என்றார். அதோடு, "அந்தப் பொண்ணு சொல்றது நியாயமாத்தான் படுது" என்றும் சேர்த்துக்கொண்டார். "ஒங்களுக்குக் கட்டினவளத் தவிர எல்லாப் பொண்ணு சொல்றதும் நியாயமாத்தான் படும்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் பேசாமலிருந்தேன். அவர் அதை விடுமுறை என்று எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் நான் தனியாக வேறொரு இடத்துக்குப் போனேன். வாசலில் மீன்தொட்டி, சோபா, குளிர்ந்த காற்று. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஆலோசகர் என்று ஒருவர் உட்கார வைத்துப் பேசினார். அவர் போட்டிருந்த கோட்டில் கைநீளம் ஒரு அங்குலம் கூடுதல், தோளில் துணி கூடாரம் அடித்திருந்தது. ஆனால் பேச்சு தேன். "ஒங்களுக்கு என்ன வேணும் மேடம், அதச் சொல்லுங்க" என்றார். என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. கண்ணாடி வேண்டாம் என்றேன். "அவ்வளவுதானே!" என்றார்.

படிவத்தில் என்ன வேலை என்று கேட்டிருந்தது. தையல் என்று எழுதினால் இவரும் கறுப்பில் கறுப்பு என்று ஆரம்பிப்பாரோ என்று, வீட்டை நிர்வகிக்கிறேன் என்று எழுதிவிட்டேன். பொய்யா அது? அந்தக் கிளிப் போட்ட டாக்டர் பெண் வரைந்து கொடுத்த தாளையும் அங்கே வெளியே எடுக்கவில்லை. பைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை வலது கண். உன் லென்ஸேதான். வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
கூடிய சீக்கிரம் வெறுங்கண்ணோடு உன் எதிரில் வந்து நிற்கப்போகும்
அக்கா


சனி, காலை

கண்ணழகிக்கு (இனி அந்தப் பட்டம் உனக்கு மட்டும் சொந்தமில்லை),

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரமாயிற்று. வலியே இல்லை. எனக்குப் பார்வை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அதை எப்படிச் சொல்வேன்! கடை வாசலில் உட்கார்ந்தபடியே கோர்ட்டு மணிக்கூண்டில் மணி பார்க்கிறேன். ஜெராக்ஸ் கடைக்காரர் மீசைக்குச் சாயம் பூசுகிறார், உனக்குத் தெரியுமா? பத்து வருஷமாக அவரை இளவயது என்று நம்பியிருக்கிறேன். இப்போது வேரில் அரை அங்குலத்துக்கு உண்மை தெரிகிறது. நோட்டரி ஐயாவின் பல் செட்டும் தெரிந்துவிட்டது. உன் அத்தான் காதில் முளைத்திருக்கும் முடியைப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் இதோடா குடித்தனம் நடத்தினோம் என்று கலங்கிப்போனேன்.

உனக்கு விளக்கெல்லாம் எப்படித் தெரிகிறது? எனக்குப் பூப்பூவாய்த் தெரிகிறது. சிக்னலைச் சுற்றி மூன்று வளையம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, சும்மா கிடைத்த வாணவேடிக்கை. எதிரில் வண்டி வந்தால் மட்டும் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். நிற்பது உடம்புக்கும் நல்லது. மீன்தொட்டி ஆஸ்பத்திரியில் சொன்னபோது, "மூளை பழகிக்கும் மேடம், மூணு மாசம் குடுங்க" என்றார்கள். உன் அத்தான் அதற்கு, "இவ மூளைக்கு என்னையப் பழகவே முப்பது வருஷமாச்சே" என்று அந்த ஆலோசகரிடமே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. இடது கண்ணையும் முடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்கும் என்கிறார்கள். தேதி குறித்தாயிற்று, அடுத்த மாதக் கடைசி.

கடையில் விளக்கை மாற்றிவிட்டோம். பழையது போதவில்லை. இப்போது மிஷினுக்கு மேலே மூன்று, பக்கத்தில் ஒன்று. விளக்குக் கடைக்காரன் சினிமா எடுக்கிறீர்களா என்று கேட்டான்.

வக்கீலம்மாவின் கோட்டு நேற்றுப் பார்சலில் கிளம்பிவிட்டது. ஒரு வாரம் தாமதம். கழுத்துப் பட்டையை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். எனக்கு எதிலும் சுத்தம் வேண்டும் என்று உனக்குத் தெரியுமே. உள்ளே கேன்வாஸ் வைத்து, லைனிங் கொடுத்து, பைக்குள் பேனா நிற்க ஒரு மடிப்பும் வைத்திருக்கிறேன். உன் அத்தான் எட்டிப் பார்த்தார், பக்கத்திலேயே சேர்க்கவில்லை. ஊசி கோக்க வரட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். பிறகு வரச் சொன்னேன். அவருக்கும் பாவம், பழகிப்போய்விட்டது. இல்லையென்றால் பொழுது போகாது. கோத்துக் கொடுத்ததும் விரட்டிவிட்டேன். மடிக்கக்கூட விடவில்லை, என் கையால் மடித்து என் கையால் பார்சல் கட்டினேன். அவளுக்கு நானே முழுசாகத் தைத்தேன் என்று இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தில் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று நினைக்காதே. பெரிய மனசுக்காரி, எழுத்தும் பெரிது.

அவள் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும் படத்தை அனுப்பச் சொல். அன்றைக்கு நான் அங்கே இல்லாவிட்டாலும் என் தையல் அவள் தோளில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒற்றைக் கண்ணழகி
அக்கா


திங்கள், காலை

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. எனக்கு உடம்பு நலம். போன கடிதத்தில் எழுதினதில் மீசைச் சாயமும் பல் செட்டும் காதுமுடியும் உண்மை. மற்றதைக் கழித்துவிடு.

உன் மகள் எனக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறாள். நல்ல பெண், பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள். அதில் ஒரு வரி: "பெரியம்மா, கோட்டு சூப்பர். அந்த நீலத் தையல் டிசைன் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஒரு சீனியர் வக்கீல் கிட்ட வந்து, இது என்னம்மா ஓரமெல்லாம் நீலக் கோடுன்னு கேட்டார். எங்க பெரியம்மா ஸ்டைல் சார்னு சொன்னேன்."

நீலம்.

அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். பிறகு மிஷினிலிருந்து நூல்கண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பாகத்தான் தெரிந்தது. சாதா லென்ஸும் இல்லாமல் புரையோடு கிடக்கும் இடது கண்ணால் பார்த்தேன், மஞ்சள் மூட்டமாகத் தெரிந்தது. கடைசியில் உன் அத்தானைக் கூப்பிட்டு, இது என்ன நிறம் என்று கேட்டேன். அவர் கண்டை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அவர் யோசித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "கருநீலம். காவலாளிங்க யூனிஃபார்முக்கு வாங்குனமே, அது" என்றார். கோக்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "நீ யூனிஃபார்ம் தைக்கிறன்னு நெனச்சேன். கிட்ட வந்தா விரட்டுற. நான் என்னத்தக் கண்டேன்?" என்றார்.

உள்ளே கொக்கியில் தொங்கிய கோட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி அவரைப் பார்க்கச் சொன்னேன். இன்னும் இரண்டில் நீலம். ஒன்று மறுநாள் காலை வாங்கிக்கொண்டு போக வேண்டியது. இருபத்தெட்டு வருஷத்தில் கோர்ட்டு வாசலில் என் பெயரைச் சொல்லி யாரும் சிரித்ததில்லை. ஊரார் கோட்டு என்றால்கூடப் போகட்டும். நம் வீட்டில் முதன்முதலாகக் கோர்ட்டுப் படி ஏறின பெண்ணை ஓரமெல்லாம் கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். அவள் அதை ஸ்டைல் என்று சொல்லி என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். அவளாகத் தெரியாமல் சொன்னாளா, தெரிந்து சொன்னாளா? நீ படத்தை இதுவரை அனுப்பவில்லை. அப்படியென்றால் உனக்குத் தெரியும். உன் கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியுமே. பார்சலைப் பிரித்த அன்றே பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, அதையே அவளுக்கு மாட்டி அனுப்பியிருக்கிறாய். கடைக்குக் கொடுத்து வேறு தைக்க நாள் இருந்தது. ஏன் செய்யவில்லை? இதை உன்னிடம் நேரில்தான் கேட்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் உன்மேல் எனக்கு வந்த பொறாமை அந்த லென்ஸ் விஷயத்தைவிடப் பெரிது. நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

மீன்தொட்டிக்குப் போன் செய்தேன். லென்ஸின் பின்பக்கம் ஜவ்வு படிந்திருக்கலாம், லேசர் போட்டுச் சுத்தம் செய்தால் பளிச்சென்று ஆகிவிடும், அப்படியே இடது கண்ணையும் முடித்துவிடலாம் என்றார்கள். சரியென்று சொல்ல வாயெடுத்தேன். உன் அத்தான் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து என் கையிலிருந்து அவர் எதையும் பிடுங்கினதில்லை.

பைக்கு அடியில் கிடந்த தாளை எடுத்துக்கொண்டு அந்தக் கிளிப் போட்ட பெண்ணிடமே போனோம். திட்டுவாள் என்று தயாராகப் போனேன். பதிலுக்குப் பதில்கூட மனசுக்குள் எழுதிவைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. கண்ணைப் பார்த்துவிட்டு, "லென்ஸுல கொறை இல்லம்மா. நல்ல லென்ஸு, நல்லாத்தான் வெச்சிருக்காங்க. உங்க தங்கச்சிக்கு இது பொருந்தி உக்காந்துச்சு. உங்க கண்ணுல இடம் பத்தல, பார்வை வரி மேல போகுது" என்றாள். லேசர் போட்டார்களா என்று மூன்று தடவை கேட்டாள். இல்லை என்றதும்தான் நாற்காலியில் சாய்ந்தாள். லேசர் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய பையில் ஓட்டை போட்டுவிடுமாம், அப்படிப் போட்டிருந்தால் இனி அவள் செய்யப்போவது ரொம்பவும் சிரமமாகியிருக்குமாம். அப்போது உன் அத்தான் எங்கோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமைப்படும்போது அவர் அங்கேதான் பார்ப்பார்.

செய்யப்போவது இதுதான். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, ஒரே தூரத்துக்கான லென்ஸ் வைக்க வேண்டும். கைவேலைத் தூரத்துக்கு. இடது கண்ணுக்கும் பிற்பாடு அதே. தூரத்துக்குக் கண்ணாடி. நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கறுப்பும் நீலமும் பிரிந்து தெரிந்தால் போதும், மூக்கில் அண்டாவைக்கூட மாட்டிக்கொள்கிறேன்.

ஆனால் லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பை நாளாக நாளாக அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம். ஆகையால் தள்ளிப்போட முடியாது. நான் பிரித்துத் தைக்கிறவள். பிரித்த துணியில் பழைய ஊசி ஓட்டை தெரியும், நல்ல துணி என்றால் தாங்கும், நைந்த துணி என்றால் அந்த இடத்திலேயே கிழியும். கண்ணிலும் அப்படித்தானா என்று கேட்டேன். பெண் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தாள். "கிட்டத்தட்ட அப்படித்தாம்மா. பை கிழிஞ்சா வேற வழி இருக்கு. ஆனா அது இவ்வளவு சுலபமா இருக்காது, பார்வையும் நான் நெனக்கிற அளவுக்கு வராமப் போகலாம்" என்றாள். மறைக்காமல் சொன்னாள். இந்தத் தடவை நானும் எதையும் மறைக்கவில்லை. படிவத்தில் தொழில் என்ற இடத்தில், இருக்கிற பார்வையை வைத்துக்கொண்டு, கறுப்புக் கோட்டு தைப்பவள் என்று கட்டத்தைத் தாண்டி எழுதினேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் அத்தான் கூட இருப்பார். ஆனால் அவர் ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தினாலே உட்கார்ந்துவிடுகிறவர். எனக்குக் குத்தினாலும் அவர்தான் உட்காருவார். யாரை யார் பார்த்துக்கொள்வது? கடையில் தொங்கும் அந்த இரண்டு கோட்டையும் அவரே பிரித்துக்கொண்டிருக்கிறார். சின்னக் கத்தரியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நீலத் தையலாக. கைக்கு அடங்காத வேலை, ஆனால் என்னைப் பக்கத்தில் சேர்க்கவில்லை.

உனக்கு லீவு கிடைக்குமா என்று தெரியாது. பள்ளிக்கூடம் திறந்திருக்கும் சமயம். வீட்டுக்காரருக்குச் சமையல், வக்கீலம்மாவுக்கு ஆயிரம் வேலை. வர முடியாது என்றால் வருத்தப்பட மாட்டேன். படுவேன், ஆனால் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை கட்டை அவிழ்ப்பார்கள். முதலில் யாரைப் பார்த்துச் சோதிப்பது என்று யோசித்தேன். உன் அத்தான் முகம் எனக்கு மனப்பாடம். தெரியாவிட்டாலும் தெரிகிற மாதிரியே இருக்கும். அது சோதனையாகாது. நீ வந்து ஒரு முழம் தள்ளி எதிரே உட்கார். உன் இரண்டு கண்ணும் எனக்கு நன்றாகத் தெரிந்தால், ஆறு வயதில் எரிந்த மாதிரி அங்கேயே வயிறு எரியும். எரிந்தது என்றால் பார்வை வந்துவிட்டது என்று அர்த்தம். டாக்டருக்குக்கூட அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

உன் கண் நூறு வருஷம் இப்படியே இருக்கட்டும். வா.

இப்படிக்கு,
உன்
அக்கா